உம்மாவின் அடுப்படியை எப்போது மாற்றுவது?

 

விடுமுறையில் ஊர் வரும் பிள்ளைகள் முதலில் முன்னறைக்கு வண்ணம் பூசுகிறார்கள். வாசலில் கிரானைட் பதிக்கிறார்கள். விருந்தாளியின் கண் படும் இடங்கள் அவை. உம்மா நாற்பது ஆண்டுகளாக நின்று சமைக்கும் அடுப்படியோ நம் சிறுவயதில் இருந்தபடியே இருக்கிறது. அதை எப்போது மாற்றுவது என்று கேட்டால், "கையில் பணம் சேரட்டும்" என்கிறோம். அந்தப் பதிலில் பிழை இருக்கிறது. காலத்தைத் தீர்மானிக்க வேண்டியது நம் பணப்பை அன்று, பெற்றோரின் உடல்நிலையே.

எங்கள் இல்லத்திலும் இந்தப் பிழை நேர்ந்தது. கேட்கும்போதெல்லாம் உம்மா, "எனக்கு இது போதும் வாப்பா" என்பார்கள். அந்தச் சொல்லையே மூன்று ஆண்டுகள் சாக்காக வைத்துக்கொண்டோம். சென்ற ரமளானில் ஒரு சஹர் வேளை. மங்கலான ஒற்றை விளக்கின் கீழ், கீழ்த்தட்டிலிருந்து அரிசிப் பாத்திரத்தை எடுக்கக் குனிந்த உம்மா, நிமிர இயலாமல் மேடையின் விளிம்பைப் பற்றியபடி நின்றதைக் கண்டோம். அல்ஹம்துலில்லாஹ், விழவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டோம். "நீங்கள்லாம் எந்திரிக்கிறதுக்கு முந்தி நடக்கிறது, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள்.

முதுமையடைந்த பெற்றோரிடம் 'சீ' என்று சொல்வதையும் தடுக்கும் 17:23 வசனத்தை மத்ரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். அச்சொல்லைச் சொல்லாமல் இருப்பது எளிது. அவர்கள் படும் வலியைக் கவனியாமல் இருந்தோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே ஆண்மக்கள் ஒரு நாள் முழுவதும் அந்த அடுப்படியில் தாமே சமைத்துப் பார்க்கட்டும். எத்தனை முறை குனிகிறோம், எது எட்டவில்லை, எங்கே ஈரம் தேங்குகிறது என்பதெல்லாம் அன்றே விளங்கிவிடும்.

அவசரமும் ஆகாது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், உம்மா உம்ராவுக்குச் சென்றிருந்த நேரத்தில் பிள்ளைகள் அடுப்படியை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். திரும்பி வந்தவருக்கு மேல் அலமாரி எட்டவில்லை. வழவழப்பான தரையில் கால் வைக்கவே அச்சம். தம் சொந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்று மருமகளிடம் கேட்க வேண்டியதாயிற்று. கலந்தாலோசனையை நம் மார்க்கம் வலியுறுத்துகிறது. அடுப்படி விஷயத்தில் முதலில் ஆலோசனை கேட்கப்பட வேண்டியவர் உம்மாவே.

சில வேலைகள் பணம் சேரும்வரை காத்திருக்கக் கூடாதவை. நல்ல வெளிச்சம் தரும் விளக்கு. ஐந்து ஆண்டு கடந்த கேஸ் ரப்பர் குழாய்க்குப் பதிலாகப் புதியது. அன்றாடப் பாத்திரங்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைக்க ஒரு தட்டு. உட்கார்ந்து காய் நறுக்க உறுதியான ஒரு நாற்காலி. இவற்றுக்குரிய காலம் இந்த வாரமே.

மேடையை உயர்த்துவதும் தரையை வழுக்காத டைல்ஸாக மாற்றுவதும் பெரிய வேலைகள். அவற்றுக்கு ரமளானும், வீட்டில் நிக்காஹ் நிகழும் மாதமும் ஏற்றவை அல்ல. பெருநாள் கழித்து ஷவ்வாலில் தொடங்கலாம். இடிக்கும் முன்பே வேறோர் இடத்தில் தற்காலிக அடுப்புக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

மாடுலர் கிச்சன் ஆசையில் வட்டிக் கடனில் விழ வேண்டாம். உடன்பிறந்தோர் செலவைப் பகிர்ந்தால், தருவது அன்பளிப்பா கடனா என்பதை அன்றே பேசி முடிக்கட்டும். கடனென்றால் எழுதி வைக்குமாறு 2:282 வசனம் கட்டளையிடுகிறது. இன்று பேசத் தயங்கியது, நாளை வாரிசுப் பங்கீட்டின்போது மனக்கசப்பாக வெடிக்கும்.

எங்கள் உம்மா விளக்குக்கும் தட்டுக்கும் உடனே சம்மதித்தார்கள். மேடையை ஷவ்வாலில் உயர்த்தினோம். பழைய அம்மியை மட்டும் நகர்த்தக் கூடாது என்றார்கள். அது அதே மூலையில் இருக்கிறது.

நம் பெற்றோரின் தேவையை அவர்கள் வாய் திறக்கும் முன்பே அறிந்துகொள்ளும் பிள்ளைகளாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.