வேலையுள்ள திசை

கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வாய்மொழி. அம்மொழி பிறந்த காலத்தில் அதிற் பிழையில்லை. 1885இல் மலாயாவின் முதற் புகையிரதப் பாதை தைப்பிங் நகரிலே திறக்கப்பட்டது. பின்னர் பாதைகள் பெருகவே, கணக்கெழுதவும் நிலமளக்கவும் நிலையங்களை நடாத்தவும் ஆங்கிலம் அறிந்தோர் அங்கே வேண்டப்பட்டனர். எம் முன்னோர் கப்பலேறினர். அவர்கள் தேடிச் சென்றது கோறணமேந்தையன்று, ஆள் தேவைப்பட்ட இடத்தை. யாமோ அவர்கள் பெற்ற பென்சனை மாத்திரம் நினைவில் வைத்து, தேடிய தேட்டத்தை மறந்துவிட்டோம்.

1956இல் வந்த அரசகரும மொழிச் சட்டத்தால் அரச சேவையின் வாயில் எம்மவர்க்கு ஒடுங்கியது. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் ஓய்ந்தது. எனினும் எமது அறிவுரை மாறவில்லை.

பிறரைக் குறை கூறுவானேன்? சில ஆண்டுகளின் முன் எம் மாணவன் ஒருவன், மின்னிணைப்பு வேலை பயிலலாமோ என்று எம்மிடம் கேட்டான். கட்டுரை நன்றாக எழுதுவான் ஆதலின், கலைப்பிரிவிற் சேர் என்றோம். பட்டம் பெற்றான், நியமனம் பார்த்து நெடுநாள் வீட்டில் இருந்தான். அவனுடைய வகுப்புத் தோழன், படிப்பை இடையில் விட்டவன், இன்று கொழும்பு மாடிக் கட்டடங்களில் மின்வேலை ஒப்பந்தகாரன். எம் மாணவனைத் தமிழ் கெடுக்கவில்லை. வேலை எங்குள்ளதென்று பாராது வழிகாட்டிய யாமே கெடுத்தோம்.

ஓரிடத்தில் வேலை மலிவதற்குக் காரணமொன்று இருந்தே தீரும். அதனையே முதலில் வினவவேண்டும். யப்பானில் முதியோர் பெருகி இளையோர் அருகினர். ஆகவே 2019இல் முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட வேலை முதலியவற்றுக்குப் பிறநாட்டாரை ஏற்கப் புதிய விசா முறை வகுத்தனர். கொரியாவின் சிற்றாலைகளில் உழைக்க அந்நாட்டிளைஞர் விரும்புவதில்லை. 2004 முதல் அவ்விடங்களைப் பிறநாட்டார் நிரப்புகின்றனர். அதற்குக் கொரிய மொழிப் பரீட்சையிற் சித்தியடைதல் வேண்டும். அஃது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. தரகருக்கு அங்கே இடமில்லை. கொரியாவுக்கு அனுப்புகிறேன் என்று முற்பணம் கேட்டுப் படலையில் நிற்பவன்மீது நாயை அவிழ்த்து விடலாம்.

கடல் கடக்க மனமில்லாதார்க்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் அண்மையில் உண்டு. அங்கே மின், பொறி, கட்டடம், உணவு ஆகிய துறைகளிற் பயிற்சி பெறலாம். கொழும்பிற் பிழைக்கச் சிங்களமும் வேண்டும்; தமிழாசிரியர் இதனைச் சொல்லலாமோ என்பார்க்கு, சொல்லாமலிருந்து கண்ட பயனை மேலே எழுதியுள்ளோம்.

பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். நன்கொடையோடு ஆண்டுக்கொரு கடிதமும் அனுப்புங்கள்: நீங்கள் வாழும் ஊரில் எத்தொழிலுக்கு ஆள் போதவில்லை, அதற்கு என்ன கற்கவேண்டும், தொடக்கச் சம்பளம் எவ்வளவு. இம்மூன்றும் போதும். நூலக வாயிலில் ஒரு பலகை ஒதுக்கித்தர அதிபர் இசைந்துள்ளார். அதிற் குத்துவதற்கு ஆணிகளையும் யாம் வாங்கிவிட்டோம்.