52-ல் 27 போனால் 35?

சின்னப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் எழுதும். 2-ல் 7 போகாது. சரி, 7-ல் 2-ஐக் கழித்துவிட்டால் போச்சு! பிள்ளையளவில் லாஜிக் சரிதான் :-) நோட்டில் தப்பு என்று சிவப்பில் சுழித்தால் அது திருந்தாது. பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிப் போட்டே, சொல்லு" என்று ஒருத்தர் கேட்டால்தான் கோளாறு எங்கே என்று தெரியும். அப்புறம் "35-ஐயும் 27-ஐயும் கூட்டிப் பாரேன்" என்றால் போதும். 62 வந்ததும் பிள்ளையே திருதிருவென்று முழிக்கும். பத்து நாள் இப்படிக் கேட்டால், கேட்காமலே கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

டியூஷனுக்குக் கொடுக்கிற காசு இதற்குத்தான் என்பது என் கட்சி. ஆனால் இங்கே நம்மவர்கள் வீடுகளில் நடப்பது என்ன? அடுத்த வருஷப் பாடத்தை இப்போதே முடிப்பது. இல்லையென்றால் ஹோம்வொர்க்கை டியூஷன் டீச்சரே போட்டுக் கொடுப்பது. இரண்டாவது, காசு கொடுத்துக் காப்பி அடிப்பது. வேறென்ன?

எங்க ஊர் அகளிப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழோ இருளர் மொழியோ பேசுகிற பிள்ளை, வகுப்பில் மலையாளத்தில் கணக்குப் படிக்கும். நமக்குப் பெருக்கல், வகுத்தல். அங்கே குணனம், ஹரணம். கணக்கு வராததா, வார்த்தை புரியாததா? நாற்பது பேர் வகுப்பில் யார் பிரித்துப் பார்ப்பது? கேரள அரசு 2017-ல் ஆதிவாசி ஊர்களில் தொடங்கிய சமூகப் படிப்பு அறைகளில், அதே சமூகத்தில் படித்த ஒருவரையே உதவிக்கு வைத்தது எனக்குப் பிடித்தது அதனால்தான்.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யும் அதே வழிதான். உள்ளூர்த் தன்னார்வலர், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் திரும்பி வந்தது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த வகுப்புகளால் என்றும் 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்துச் சொன்ன கணக்கு.

நம் பிள்ளைகளும் வீட்டில் தமிழ், பள்ளியில் வேறு பாஷைதானே? டியூஷன் விட்டு வந்ததும் "எத்தனை பக்கம் முடிச்சே?" என்று கேட்காமல், ஒரே ஒரு கணக்கை எடுத்து எப்படிப் போட்டாய் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஊரிலிருக்கும் பாட்டிகூட வாட்ஸ்அப்பில் கேட்கலாம். "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை ஒரு நாள் முடிவு கட்டிவிடலாம். அதற்குள் கேட்டுவிட்டால் நல்லது.