டிரைவருக்கும் ஒரு பாய்

நம்ம ஊர்ல கேரவன்னு சொன்னா யாருக்கும் டூர் ஞாபகம் வராது. ஷூட்டிங்ல ஹீரோயின் ஏறி உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குற வண்டிதான் ஞாபகம் வரும் :-) வெளிநாட்டுல அந்த மாதிரி வண்டியில குடும்பத்தோட, பனி கொட்டுற காலத்துலயும் லீவுக்குக் கிளம்பிடறாங்க. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. பக்கத்துல கேரளாவுல கூட 2021ல இதுக்குன்னு ஒரு சுற்றுலாத் திட்டம் கொண்டு வந்தாங்க.

நம்மகிட்ட இல்லையான்னா, இருக்கு மக்களே. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்ச ராத்திரி எங்க சேத்தியாத்தோப்பு வழியா தெக்கால போற வேன்களைப் பாருங்க. மேல கேரியர்ல தார்ப்பாய் போட்டுக் கட்டுன அண்டா, அரிசி மூட்டை. உள்ள புளிசாதம், பாய், தலகாணி, காதை மூடி மப்ளர் சுத்தின பெருசுங்க, ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிற பொடிசுங்க. கும்பகோணம், ஸ்ரீரங்கம், ராமேஸ்வரம்னு நாலு நாள்ல நாப்பது கோயில். மோட்டார்ஹோமுக்கு வேண்டிய அத்தனையும் அந்த வேன்ல இருக்கு. டிரைவர் படுக்க இடம் மட்டும்தான் இல்ல.

இது மறந்து போனது இல்ல, கணக்கு போட்டே செய்யறது. "ராத்திரி ஓட்டினா ரூம் வாடகை மிச்சம், காலைல நேரா தரிசனம்" - எல்லா டூர் பிளானும் இந்த ஒரு வரியிலதான் ஆரம்பிக்குது. ஜனங்க வேன்ல தூங்கி, பகல்ல சாமி பாக்குறாங்க. டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டிட்டு, பகல்ல பார்க்கிங்ல ஸ்டியரிங் மேல சாயறார். "வண்டிய கொஞ்சம் முன்னாடி எடுங்கண்ணே"ன்னு அரை மணிக்கு ஒருத்தன் கண்ணாடியத் தட்டுறான். மூணாவது ராத்திரி அந்த மனுஷன் என்ன நிலைமையில இருப்பார்? 1961லயே மோட்டார் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு வேலைக்கு வரம்பு கட்டுச்சு. டூர் வேன்ல யாரு கடிகாரம் பாத்தா?

இதோட மார்கழிப் பனியச் சேருங்க. எங்க ஊருக்கு வெள்ளாறும் பக்கம், வீராணமும் பக்கம். சுத்தி சம்பா வயல், தண்ணி நிக்குது. மழை விட்டு வானம் தெளிஞ்சு, காத்தும் அடங்கினா, தரை ராத்திரி முழுக்க சூட்டை விட்டுட்டு ஜில்லுனு ஆயிடும். மேல இருக்குற ஈரக் காத்து அப்படியே பனிமூட்டமா படுத்துக்கும். விடியக்காலைலதான் அது ரொம்பக் கனமா இருக்கும். மனுஷனுக்குத் தூக்கம் கண்ணை இழுக்குற நேரமும் ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும்தான். ரெண்டும் கைகோத்துக்கிட்டு வருது. அந்த நேரத்துல ஹைபீம் போட்டா வெளிச்சம் பனியில பட்டுத் திரும்பி நம்ம கண்ணைத்தான் குத்தும், லோபீம்தான் உதவும். உள்ள இருபது பேர் விடுற மூச்சுல கண்ணாடி உள்பக்கமும் வேர்க்கும். ஏசி காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாத்தான் தெளியும். குளிருதுன்னு பின்னாடி இருந்து ஏசிய அணைக்கச் சொல்லுவாங்க பாருங்க, அங்கதான் வினை. முன்னாடி பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒண்ணு ஊர்ந்துக்கிட்டு இருக்கலாம்.

ரோடு நல்லா ஆயிடுச்சேம்பீங்க. ஆமா, சேத்தியாத்தோப்பு - சோழபுரம் 50 கிலோமீட்டர் நாலுவழிச் சாலைய 2025 ஜூலையில பிரதமர் திறந்து வெச்சார். பயணத்துல முக்கால் மணி நேரம் மிச்சம்னாங்க. எனக்கு அதுதான் பயம். பழைய ரோட்டுல பள்ளமாவது டிரைவரை உலுக்கி எழுப்பிக்கிட்டு இருந்துச்சு! வடக்க யமுனா எக்ஸ்பிரஸ்வேல பனிக்காலம் வந்தா காருக்கு 100ஆ இருக்குற வேக வரம்பை 75ஆக் குறைச்சுடறாங்க. இங்க நாம மார்கழியக் கோலத்தோட நிறுத்திக்கிறோம்.

பனி மட்டும் இல்ல. 2024ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம், டிசம்பர் 2ஆம் தேதி விழுப்புரம் பக்கம் அரசூர்ல தேசிய நெடுஞ்சாலை மேலயே வெள்ளம் போய் போக்குவரத்து நின்னுச்சு. பிளான்ல ஒரு நாள் சும்மா விட்டு வெச்சவன் வழியிலேயே எங்கயாவது தங்கிக்கலாம். நாலு நாள்ல நாப்பது கோயில் போட்டவன் என்ன பண்ணுவான்?

சில இடத்துல நடுராத்திரி போலீஸ்காரங்களே வண்டிய நிறுத்தி, மூஞ்சி கழுவ வெச்சு டீ குடுக்குறாங்க. நல்ல மனசு. ஆனா டீ தூக்கத்தைத் தள்ளித்தான் போடும். தூங்கினாத்தான் தூக்கம் தீரும்.

சரி, எங்க தூங்குறது? கேரவன் பார்க் கட்டணும், டெண்டர் விடணும்னு ஆரம்பிச்சுடாதீங்க. மார்கழியில கல்யாணம் கிடையாது. ஊருக்கு ஊர் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடக்கு. பெரிய கூடம், கக்கூஸ், பைப், வாசல்ல வண்டி நிறுத்த இடம், பின்னாடி சமையக்கட்டு. சிலிண்டரை வண்டியிலயே வெச்சு சமைச்சா என்ன ஆகும்னு 2023 ஆகஸ்ட்ல மதுரையில நின்ன சுற்றுலா ரயில் பெட்டியில பாத்தோம், ஒன்பது பேர் போயிட்டாங்க. அதுக்கும் மண்டபத்துச் சமையக்கட்டு வழி பண்ணும். ராத்திரி பத்து மணிக்கு வேன் உள்ள வரட்டும். வெயில் ஏறி, பனி கலைஞ்சதும் கிளம்பட்டும். டிரைவருக்கு மாப்பிள்ளை ரூமைத் திறந்து விடுங்க, அவர் தூங்கட்டும்.

எங்க பக்கம் ரெண்டு மண்டபக்காரர்கிட்ட பேச்சு குடுத்துப் பாத்தேன். ஒருத்தர் சிரிச்சார். இன்னொருத்தர், "தண்ணி, கரண்ட், பெருக்குறவங்க கூலி போக வேனுக்கு எவ்வளவு நிக்கும் தம்பி?"ன்னார். கணக்கு போட்டுக்கிட்டு இருக்கேன். உங்க ஊர் மண்டபத்துல ஒரு ராத்திரிக்கு என்ன செலவு ஆகும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவர்கிட்ட காட்டணும்.