யார் பார்த்தார்கள்?

கெட்டிப் பொருளில் துகள்கள் தத்தம் இடத்திலேயே நின்று நடுங்குகின்றன. திரவத்தில் நெருங்கியபடியே இடம் பெயர்கின்றன. வாயுவிலோ கட்டறுந்து ஓடுகின்றன என்று வகுப்பில் நாம் சொல்வது வழக்கம். "யார் ஸார் பார்த்தார்கள்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். நியாயமான கேள்விதான். ஆஸ்ட்வால்டு என்ற பெரிய ரஸாயன சாஸ்திரியே அணுக்களை வெகுகாலம் நம்பவில்லை.

1827-இல் ராபர்ட் பிரௌன், மகரந்தத்திலுள்ள நுண்பொடிகள் ஜலத்தில் ஓயாமல் துள்ளுவதைக் கண்டார். உயிரோ என்று ஐயுற்றுக் கல்லைப் பொடித்துப் போட்டார், அதுவும் துள்ளிற்று! ஜலத் துகள்கள் நாலா பக்கமும் மோதுவதே காரணமென்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டார். பெர்ரன் அளந்து காட்டினார். 1909-இல் வெளியான தம் நூலின் முன்னுரையில் ஆஸ்ட்வால்டும் இணங்கிவிட்டார்.

இதைச் சொன்னோம். "அப்படியானால் இந்தப் பெஞ்சும் நடுங்குகிறதா, ஸார்?" என்றான் பையன், கையை எடுத்துக்கொண்டு.