விளக்கு அணைந்தது, காற்றுப் பை எங்கே?

கிள்ளான் பள்ளத்தாக்கின் 'ஹாஃப் கட்' கடைகளில், 1997-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரின் சிவப்பு ரெக்காரோ இருக்கைகளுக்கு இன்றும் மவுசு உண்டு. அந்தக் காலத்துக் கார்களில் இருக்கை மாற்றுவது சில போல்ட்டுகளைக் கழற்றும் வேலைதான்.

இப்போது அப்படியல்ல. 2017-இல் அறிமுகமான மைவியின் உயர் ரகத்தில் 6 காற்றுப் பைகள். பக்கவாட்டுப் பை முன் இருக்கையின் சாய்மானத்துக்குள்ளேயே இருக்கிறது. பந்தய இருக்கை மாட்டினால் அது போய்விடும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். இணைப்பில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகினால் விளக்கு அணைந்துவிடும். பை இருப்பதாகவே கார் நம்பும். பின்னாளில் அந்தக் காரை வாங்குபவரும் அப்படித்தான் நம்புவார். அவர் இந்த மாற்றத்தைக் கேட்டவரே அல்லர்.

பல கார்களில் பெல்ட் கொக்கியும் இருக்கையோடு சேர்ந்தது. ஆக, மோதலின்போது ஓட்டுநரைப் பிடித்து வைப்பது பட்டறையில் பற்றவைத்த இரும்புச் சட்டம்தான். அனைத்துலக கார் பந்தயச் சம்மேளனத்தின் முத்திரையைக் காட்டி விற்பவர்களும் உண்டு. ஆனால் 8855-1999 தர இருக்கைக்குப் பந்தயத்தில் 5 ஆண்டுதான் ஆயுள். தயாரிப்புத் தேதி முத்திரையிலேயே இருக்கும்.

பழைய கார் வாங்குவோர் விளக்கை மட்டும் பார்க்காமல், சாய்மானத்தின் ஓரத்தில் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' பட்டை தைத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.