பிறந்த மண்ணிலே அந்நியரா?

புதுக்கோட்டை ஜில்லாவில் லேனாவிளக்கு, அழியாநிலை, தோப்புக்கொல்லை என்னும் மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983ஆம் வருஷத்துக் கலவரத்திலிருந்து உயிருக்குப் பயந்து கடல் கடந்து வந்தவர்களும், அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில் வசிக்கிறார்கள். வந்தவர்களை அகதிகள் என்பது சரி. ஆனால் இங்கேயே பிறந்து, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படித்து, இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளையையும் 'அந்நியன்' என்பது எந்த அறிவைச் சேர்ந்தது என்று கேட்கின்றோம்.

சட்டத்தின் யோக்கியதையைப் பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்நாட்டில் பிறந்தவர், அகதியின் பிள்ளையானாலும், பிறப்பினாலேயே பிரஜை. அதற்குப்பின் பிறந்தவருக்கோ, தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அந்தக் கட்டு இன்னும் இறுக்கப்பட்டது. ஆகவே ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், 1986இல் பிறந்த அண்ணன் பிரஜை. 1988இல் பிறந்த தங்கை அந்நியர்! அந்த அண்ணனுடைய உரிமையாவது சும்மா கிடைக்கிறதா? 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 2022இல் ஒரு பாஸ்போர்ட்டுக்காக மதுரை ஹைக்கோர்ட்டுக் கிளை வரை போக வேண்டியிருந்தது.

தகப்பன் எந்த ஜாதியோ மகனும் அந்த ஜாதி என்னும் வருணதர்மத்துக்கும், தகப்பன் அந்நியனானால் மகனும் அந்நியனே என்னும் இச்சட்டத்துக்கும் என்ன பேதம்? பிள்ளை செய்த குற்றந்தான் என்ன?

இவர்களில் மலையகத்தாரின் கதை இன்னும் கொடுமை. கங்காணிகள் இந்தச் சீமைகளிலிருந்து கண்டித் தோட்டங்களுக்குக் கூட்டிப்போன கூலிகளின் சந்ததியார் அவர்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடுகளைப்போல் பங்கு பிரித்தது. அவர்களுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்?

2019ஆம் வருஷத்துத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய தேசங்களிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு வழி திறந்தது. முஸ்லிமுக்கும் இடமில்லை, இலங்கைத் தமிழருக்கும் இடமில்லை. 'இந்து, இந்து' என்று கூச்சல் போடுகிறவர்களுக்கு லேனாவிளக்கில் விபூதி பூசியிருப்பவர் இந்துவாகத் தெரியவில்லை போலும்! மதத்தைக் காட்டி உரிமை கேட்கும்படி நாம் சொல்லவில்லை. மனிதன் பிறந்ததே போதாதா என்கிறோம்.

2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட்டு இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று 2025இல் டில்லி சர்க்கார் உத்தரவிட்டது. தண்டிக்காமல் விடுவது தயவு, பிரஜையாக்குவதே உரிமை. சென்னை சர்க்கார் 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. வீடும் உதவித்தொகையும் தருகிறது. நல்லதே. ஆனால் பெயரை மாற்றினால் விலங்கு அவிழ்ந்துவிடுமா?

லெபனானில் 1948 முதல் அகதிகளாயிருக்கும் பாலஸ்தீனர்களின் பேரப்பிள்ளைகள், அங்கேயே பிறந்தும் பிரஜைகளாகவில்லை. அதை அக்கிரமம் என்கிறோமே தோழர்களே! அழியாநிலையில் நடப்பதற்கு மட்டும் வேறு பெயரா?

இம்மண்ணில் பிறந்தவரெல்லாம் இம்மண்ணின் பிரஜைகள் என்று சட்டத்தைத் திருத்தவேண்டும். ஓட்டில்லாதவர்களுக்காக ஓட்டுள்ள நாம் கேட்காவிட்டால், வேறு யார் கேட்பது?