சிறு திருத்தமும் பெருங் கவனமும்

பெரியதோர் மாற்றம் வருங்கால் எல்லாரும் விழித்திருப்பர். சிறியதொன்று வருங்கால் ‘இதிலென்ன இருக்கின்றது’ என்று கண்ணயர்வர். கேடு பெரும்பாலும் அவ்வயர்வின் வழியே நுழைகின்றது. கணினித் துறையில் 2003ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

லினக்ஸ் என்பது, 1991இல் பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைக்க, இன்று பல நாட்டாரும் கூடி வளர்த்துவரும் பணிசெயல் முறைமையின் கருப்பகுதி. கணினியில் எவர் எதனைத் தொடலாம் என விதிப்பது இக்கருவேயாம். இன்று பல கோடி கைத்தொலைபேசிகளும் இதனைக் கொண்டே இயங்குகின்றன.

2003 நவம்பரில் இதன் மூலநிரலின் படியொன்றில் இரண்டே வரிகள் புதிதாக நுழைந்திருந்தன. மேலோட்டமாக நோக்குவார்க்கு அவை, ‘குறித்த இரு தெரிவுகளோடு அழைப்பவரின் பயனர் எண் பூச்சியமாயின் பிழையென விடை தருக’ என்னும் எளிய சோதனையாகவே தோன்றும். பூச்சியம் என்பது முழு அதிகாரமும் உடைய பயனரின் எண். ‘சி’ என்னும் நிரல்மொழியில் இரு சமக்குறிகள் அடுத்து நிற்பின் ‘சமமா?’ என்னும் வினா. ஒன்றே நிற்பின் ‘சமமாக்குக’ என்னும் ஏவல். அங்கு நின்றது ஒன்றே. ஆகவே, அவ்வாறு அழைப்பவன் எவனாயினும் அக்கணமே முழு அதிகாரமும் பெற்றுவிடுவான்.

தமிழ் கற்றார்க்கு இது வியப்பன்று. ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைக் கொம்பினாலாய பலகை. ஒற்று மிகுதலும் மிகாமையும் பொருளையே வேறாக்கும்.

நல்வினையாக அவ்வஞ்சகம் பலிக்கவில்லை. மூலத்தையும் படியையும் ஒப்புநோக்கியபோது வேறுபாடு வெளிப்பட்டது. அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டமைக்குப் பதிவு யாதும் இல்லாமை ஐயத்தை விளைத்தது. பின்னர்ப் பலர் கூர்ந்து வாசிக்கவே சூது புலனாயிற்று.

இத்தகைய சோதனை வேலையைத் தாமதப்படுத்தும், இளைஞர் ஊக்கத்தைக் குன்றச்செய்யும் என்பாருளர். தாமதம் உண்மையே. ஆயினும், கோடிக்கணக்கானோர் நம்பியிருக்கும் ஒன்றில் ஒருநாட் காத்திருத்தல் இழப்பாகாது. சோதிப்பவர் கேட்கவேண்டியவை மூன்றே: இம்மாற்றம் எதன்பொருட்டு? சொன்னதை மட்டுமே செய்கின்றதா? வேறெதனைத் தீண்டுகின்றது? அனுப்பியவர் புகழ் மிக்கவராயினும் இவ்வினாக்களைத் தவிர்த்தல் ஆகாது. வினாவப்படுதலை இழிவெனக் கருதுதலும் பேதைமையேயாம்.

நம் கல்விக்கூடங்களிலோ நிரல் எழுதுவோர்க்குப் புள்ளி உண்டு. பிறர் நிரலை வாசித்துக் குற்றங் காண்போர்க்கு இல்லை. இந்நிலை மாறவேண்டும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசித்து, காரணங்காட்டித் திருத்தும் பயிற்சிக்கும் புள்ளி வழங்குதல் தகும். இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் மாதமொருமுறை வந்து மாணாக்கரோடு அமர்ந்து பத்து வரிகளைப் பொறுமையாக வாசித்துக் காட்டுவாராயின், அதுவே கல்லூரிக்கு அவர் அளிக்கும் சிறந்த விழாக் காணிக்கையாகும்.